பழைய பைக்கின் ஹேண்டில்பாரை எளிதாக்க நான்கு வழிகள்: எந்த வண்டிக்கு எது பொருந்தும்?

யமஹா ஆர்எக்ஸ் 100, காஸ்ட் அயர்ன் புல்லட் (வார்ப்பிரும்பு இன்ஜின் உள்ள பழைய புல்லட்), யெஸ்டி என்று பழைய வண்டியைப் பிரித்து கஃபே ரேசர், பாபர் என்ற எளிய தோற்ற வண்டியாகக் கட்டுகிறவர்கள் ஒரு கட்டத்தில் ஹேண்டில்பாரில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவிட்ச் டப்பா, அதிலிருந்து பிதுங்கும் வயர், டேப் சுற்றிச் சுற்றித் தடித்துப்போன கற்றை. இதையெல்லாம் எடுத்துவிட்டு, குழாயும் இரண்டு கிரிப்பும் மட்டும் தெரியும்படி செய்ய வேண்டும் என்பது ஆசை. எடுத்தவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. பழைய சுவிட்சையே சீராக்கி வைத்துக்கொள்வது. சிறு பட்டனும் ரிலேயும் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுவது. பட்டனோடு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைப்பது. சுவிட்சுகளை ஹேண்டில்பாரை விட்டே இறக்கிவிடுவது. தோற்றத்தை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் பெரும்பாலும் இரண்டாவது முறை செலவழிக்க நேரும். வண்டியில் ஓடுவது ஏசியா (திசை மாறும் மின்சாரம்) டிசியா (ஒரே திசையில் ஓடுவது), 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது பாதி முடிவை எடுத்துவிடுகிறது. மீதியை, குமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை, உப்புக்காற்று எடுத்துவிடுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

கை எட்டுகிறதா. ஹாரன், டிம்-பிரைட், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் ஆகிய மூன்றும் உள்ளங்கையை கிரிப்பிலிருந்து எடுக்காமல் பெருவிரலுக்கு எட்ட வேண்டும். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை தேசிய நெடுஞ்சாலை 66-இல் மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி என்று நெரிசலைக் கடக்கும்போது கிளட்சும் ஹாரனும் ஒரே கையில் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தல் காற்றாலைகள் பக்கத்திலும் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது ஒரு கையை எடுத்து வேறெங்கோ சுவிட்சைத் தேடுவது நடக்காத காரியம். இண்டிகேட்டருக்கு விரல் கொஞ்சம் நீண்டால் பரவாயில்லை. சாவி, ஹெட்லைட் ஆன்-ஆஃப் இரண்டும் எங்கே இருந்தாலும் சரி.

உப்பும் மழையும். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று கரையோரத்தில் நிற்கும் வண்டிக்கும் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் நிற்கும் வண்டிக்கும் வயர் கெடும் விதமே வேறு. கரையில் செம்புக் கம்பியின் பச்சைக் களிம்பு வெளியே தெரியும் முனையோடு நிற்பதில்லை. உறைக்குள் பல அங்குலம் ஏறிவிடும். தோட்டப் பக்கத்தில் உப்பு குறைவு, ஈரம் அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால், வண்டி நன்றாகக் காய்வதற்குக் கிடைக்கும் மாதங்களும் குறைவு.

வழியில் நின்றால். பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு போகும் வழியில் ஹெட்லைட் அணைந்தால், ஒரு துண்டு வயரும் பிளேடும் வைத்துச் சரிசெய்ய முடியுமா? அல்லது வண்டியை டெம்போவில் ஏற்ற வேண்டியதுதானா?

காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாம் பேசும் வண்டிகள் எல்லாமே 15 ஆண்டைத் தாண்டியவை என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பரிசோதனைக்குக் காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அங்கே சுவிட்சின் வடிவம் மாறியிருப்பதைவிட, ஹாரன் அடிக்காததும் இண்டிகேட்டரும் கண்ணாடியும் இல்லாததும்தான் முதலில் கண்ணில் படும். களியக்காவிளை தாண்டி ஓட்டுகிறவர்கள், மாற்றம் செய்த வண்டிகளிடம் கேரள மோட்டார் வாகனத் துறை காட்டும் கண்டிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

திருப்ப முடியுமா. பழைய வயரிங் செட்டை வெட்டிவிட்டால், ஹேண்டில்பாரில் ஓட்டை போட்டுவிட்டால், பழைய நிலைக்குத் திரும்புவதற்கு வேறு பாரும் வேறு செட்டும் வாங்க வேண்டும். முழுமையாக ஒரிஜினலாக இருக்கும் வண்டிக்கு இது பெரிய இழப்பு. ஏற்கெனவே பாதி மாறிப்போன வண்டிக்கு இழக்க ஒன்றுமில்லை.

## எந்த வழியானாலும் முதலில் மல்டிமீட்டர்

ஆர்எக்ஸ் 100 (1985–1996): 12 வோல்ட். ஆனால் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் லைட்டிங் காயிலிலிருந்து நேராக ஏசியாக வருகிறது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மட்டும் பேட்டரியில். இக்னிஷன் (ஸ்பார்க் தரும் அமைப்பு) சிடிஐ என்ற மின்னணு வகை, அதற்குத் தனிக் காயில் இருப்பதால் பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும்.

காஸ்ட் அயர்ன் புல்லட்: பாயின்ட் (இன்ஜின் ஓட்டத்தில் திறந்து மூடும் தொடுமுனை), பேட்டரி, காயில் இக்னிஷன். ஆண்டைப் பொறுத்து 6 அல்லது 12 வோல்ட். பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் மூடி மூன்று இருந்தால் 6, ஆறு இருந்தால் 12.

ஜாவா, பழைய யெஸ்டி: டைனமோ, 6 வோல்ட் டிசி.

பெயரை நம்பி நிற்காதீர்கள். பழைய வண்டியில் முந்தைய கைகள் என்ன செய்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகி லைட்டைப் போடுங்கள். எரிந்தால் டிசி. எரியாமல், இன்ஜின் ஓடும்போது மட்டும் எரிந்து, ஆக்சிலரேட்டரைத் திருகத் திருகப் பிரகாசம் கூடினால் ஏசி. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பல்பின் முனையில் தொட்டு உறுதிசெய்யுங்கள். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் விலை உயர்ந்த பெட்டியை வாங்கிவிட்டு அது வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர்.

யமஹாவில் நிறக்கணக்கு பொதுவாக இப்படி: கறுப்பு எர்த், பழுப்பு சாவிக்குப் பிறகு வரும் பிளஸ், இளஞ்சிவப்பு ஹாரன், மஞ்சள் பிரைட், பச்சை டிம், கரும்பச்சை வலது இண்டிகேட்டர், அடர்பழுப்பு இடது இண்டிகேட்டர், கறுப்பில் வெள்ளைக் கோடு கில். வெட்டுமுன் ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்துச் சீட்டு ஒட்டிவிடுங்கள். முப்பது ஆண்டு வெயில் பட்ட பழுப்பும் அடர்பழுப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

## முதல் வழி: பழைய சுவிட்சையே சீராக்குவது

சலிப்பான வழி என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஹேண்டில்பார் அசிங்கமாகத் தெரிவதற்கு உண்மைக் காரணம் சுவிட்ச் அல்ல. வயர் போகும் பாதைதான். உயரமான பாரை எடுத்துவிட்டுத் தாழ்ந்த பார் போடும்போது கேபிளும் வயரும் 15–20 செ.மீ. மிச்சமாகி வளையமாகத் தொங்கும். சரியான நீளத்தில் கிளட்ச், ஆக்சிலரேட்டர், பிரேக் கேபிள்களைச் செய்து, சுவிட்ச் வயரைப் பாரின் அடிப்பக்கமாக ஒரே உறைக்குள் கொண்டுபோய், இணைப்புகள் எல்லாவற்றையும் ஹெட்லைட் டூமுக்குள் (விளக்கின் பின்பக்கக் கிண்ணம்) தள்ளினாலே பாதித் தோற்றம் மாறிவிடும்.

சுவிட்சைத் திறக்கும்போது ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்துத் திறக்கவும். உள்ளே கடுகளவு எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும், தெறித்தால் கிடைக்காது. தொடுமுனைகளைக் கான்டாக்ட் கிளீனரில் கழுவி, 1000 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மின்கடத்தா கிரீஸை மெல்லிய படலமாகப் பூசி மூடவும். களிம்பு பிடித்த வயரில் ஈயம் ஒட்டாது. பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னால் வெட்டி, புது வயர் சேர்க்க வேண்டும். முடித்ததும் ஹாரனை அழுத்திப் பிடித்து, சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடுமுனை இன்னும் சரியாகவில்லை.

இதிலேயே இன்னொரு வகை உண்டு. இடது பக்கம் டிம் லிவரும் ஹாரன் பட்டனும் மட்டும் உள்ள சின்ன வட்டச் சுவிட்ச், பழைய இங்கிலீஷ் வண்டி மாதிரி. உலோக உடம்பு, கிரிப்போடு ஒட்டி உட்காரும், பழைய வண்டிக்கு இயல்பாகப் பொருந்தும். ஆனால் இண்டிகேட்டருக்குத் தனியாக ஒரு சின்ன மூன்று நிலை சுவிட்ச் வைக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. சந்தையில் கிடைக்கும் மாற்றுச் சுவிட்சுகளில் பலவற்றில் தொடுமுனை முலாம் பூசிய இரும்பு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டும். கடற்கரையில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அடுத்து, சில வண்டிகளில் ஆக்சிலரேட்டர் உருளையைப் பிடித்திருப்பதே வலதுபக்கச் சுவிட்ச் டப்பாதான். அதை எடுத்தால் தனி த்ராட்டில் ஹவுசிங் (ஆக்சிலரேட்டர் கூடு) வாங்க வேண்டும். அதன் உருளை விட்டம் மாறினால் கேபிள் இழுபடும் நீளமும் மாறும். இன்ஜினுக்கு எண்ணெய் ஊட்டும் ஆயில் பம்பைக் கழற்றாத ஆர்எக்ஸில் இது விளையாட்டுக் காரியம் அல்ல. ஒரே கேபிள் பிரிந்து கார்புரேட்டருக்கும் பம்புக்கும் போகிறது. கேபிளில் கைவைத்த பிறகு பம்பின் குறியை மறுபடி பொருத்தாமல் ஓட்டினால் எண்ணெய் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

## இரண்டாவது வழி: சிறு பட்டனும் ரிலேயும்

அதிகம் பேர் விரும்புவதும் அதிகம் பேர் தவறாகச் செய்வதும் இதுதான். 12 மி.மீ. பட்டன்கள் நேரடியாக ஹெட்லைட்டையோ ஹாரனையோ தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். 60 வாட் பல்பு 5 ஆம்பியர். ஹாரன் காயில் ஒவ்வொரு முறை விடும்போதும் தொடுமுனையில் பொறி பறக்கும். ஆகவே பட்டன் ரிலேயின் காயிலை மட்டும் இயக்க வேண்டும். சாதாரண 12 வோல்ட் வாகன ரிலேயின் காயில் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான்.

வயரிங் இப்படி. சாவிக்குப் பிறகு வரும் பிளஸை ஃபியூஸ் வழியாக எல்லா ரிலேயின் 86-க்கும் கொடுங்கள் (ரிலேயின் கால்களில் எழுதியிருக்கும் எண்கள் இவை; 85, 86 காயிலின் இரு முனைகள்). 85-இலிருந்து ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வயர். பட்டன்களின் மறுமுனைகள் எல்லாம் சேர்ந்து ஒரே எர்த் வயர். இடது பக்கத்துக்கு ஹாரன், டிம், இரண்டு இண்டிகேட்டர், எர்த் என்று ஐந்து வயர். வலது பக்கத்துக்கு கில், எர்த் என்று இரண்டு. ரிலேக்குப் போகும் வயர் 0.5 ச.மி.மீ. போதும், ஹாரனுக்கு 1, ஹெட்லைட்டுக்கு 1.5. ஒவ்வொரு ரிலே காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை 86 பக்கம். இது இல்லாவிட்டால் ரிலே விடும்போது எழும் மின்னழுத்தம் சின்னப் பட்டனின் தொடுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

டிம்-பிரைட்டுக்கு ஐந்து கால் ரிலே: ஹெட்லைட் மின்சாரம் 30-இல், டிம் 87ஏ-இல், பிரைட் 87-இல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரிலே செத்தாலும் பட்டன் வயர் அறுந்தாலும் டிம் எரிந்துகொண்டே இருக்கும். இருட்டில் தவிக்க வேண்டாம். ஆர்எக்ஸின் ஏசி ஹெட்லைட்டுக்கும் இது அப்படியே பொருந்தும், ஏனென்றால் காயில் பேட்டரியில் இயங்குகிறது, தொடுமுனை ஏசியை மாற்றுகிறது. பட்டன் அழுத்தினால் நிலைத்து நிற்கும் வகையாக இருக்கட்டும். விட்டதும் மேலே வரும் பட்டன் போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் நிலை மாறும் இம்பல்ஸ் ரிலே தனியாகத் தேவைப்படும்.

இண்டிகேட்டருக்குப் பட்டனைவிட மூன்று நிலை நகர்வு சுவிட்ச் மேல். விரலாலேயே எந்தப் பக்கம் கிடக்கிறது என்று தெரியும். எல்ஈடி விளக்கு போட்டால் பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் கருவி) தாறுமாறாக வேகமாக அடிக்கும் அல்லது அடிக்காமலே நிற்கும். மின்னணு பிளாஷர் வாங்கவும்.

கில் பட்டனில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆர்எக்ஸில் கறுப்பு-வெள்ளை வயரை எர்த் செய்தால் இன்ஜின் நிற்கும். இந்த வயரில் இருப்பது 12 வோல்ட் அல்ல. சிடிஐ காயிலின் உயர்மின்னழுத்தம். பட்டனுக்குள் உப்பு ஈரம் படிந்தால் அதன் வழியாகவே மின்சாரம் கசிந்து ஸ்பார்க் பலவீனமாகும். மழையில் மட்டும் மிஸ் அடிக்கும் ஆர்எக்ஸ் பலவற்றுக்கு நோய் இதுதான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்து பலன் இருக்காது. சிடிஐ பக்கத்தில் அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி பட்டன். பாயின்ட் உள்ள புல்லட்டில் கணக்கு தலைகீழ்: காயிலுக்குப் போகும் பிளஸை வெட்ட வேண்டும். பாயின்ட் வயரை எர்த் செய்து நிறுத்தினால் இன்ஜின் நிற்கும்தான், ஆனால் சாவி ஆனில் இருக்கும்வரை காயிலில் 3–4 ஆம்பியர் ஓடிச் சூடேறிக்கொண்டே இருக்கும்.

பாருக்குள் வயர் கொண்டுபோவது பலரை மிரட்டும். 22 மி.மீ. இரும்புப் பார் என்றால் உள்ளே தாராளமாக இடம் இருக்கிறது. ஓட்டை 8 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பாரை வண்டியோடு பிடிக்கும் கிளாம்பின் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளி, வளைவு இல்லாத இடத்தில் போடவும். ஒரு பெரிய ஓட்டையைவிட இரண்டு சிறியவை நல்லது. உள்விளிம்பை அரத்தால் மழுக்கி ரப்பர் குரோமெட் போடாவிட்டால், அதிர்வில் சில மாதத்திலேயே உறை அறுந்து ஃபியூஸ் போகும். அலுமினியப் பாரில் துளை போடாதீர்கள். விரிசல் விட்டால் முன்னறிவிப்பில்லாமல் முறியும். வயரை இழுக்க மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, மறு ஓட்டையில் வாக்குவம் கிளீனரை வைத்தால் நொடியில் வந்து சேரும். பிறகு அதில் வயர்களைக் கட்டி, சோப்பு தடவி இழுக்கலாம். பாரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. வடிகால் ஓட்டை ஒன்று அவசியம். உள்ளே தண்ணீர் வரவே வராது என்று நம்புவதைவிட வந்தது வெளியேற வழி வைப்பது இந்த ஊர் மழைக்கு ஏற்றது.

எர்த்துக்குப் பாரையே நம்பும் ஒற்றை வயர்ப் பட்டன்கள் மலிவாகக் கிடைக்கும். பவுடர் கோட்டிங் செய்த பார், கிரீஸில் மிதக்கும் ஸ்டியரிங் பேரிங் இரண்டையும் தாண்டித்தான் அந்த எர்த் வர வேண்டும். திருப்பத்தில் ஹாரன் அடிக்கும், நேராகப் போனால் அடிக்காது. தனி எர்த் வயர் போட்டுவிடுங்கள்.

பட்டனில் ஐபி67 (தூசும் நீரும் புகாது என்ற தரக்குறி) என்று எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் முன்பக்கத்துக்குத்தான். பின்பக்க முனைகளை நீங்கள்தான் அடைக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானில் காடி வாசனை வரும். அது உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும். வாசனையில்லாத நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்கவும். வயரும் ஈயமுலாம் பூசிய செம்பாகக் கிடைத்தால் கரையோர வண்டிக்கு அதுதான் சிறந்தது. விசைப்படகுகளுக்கு மின்வேலை செய்கிறவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ரிலே, சாக்கெட், பட்டன் எல்லாம் சேர்ந்தாலும் பெரிய தொகை ஆகாது. நேரம்தான் செலவு. ரிலேக்களை அடுக்க இடமும் வேண்டும். ஆர்எக்ஸ் டூமுக்குள் இரண்டு ரிலேக்கு மேல் வைத்தால் பல்பு ஹோல்டரோடு இடிக்கும். மீதியை டேங்க் அடியில் வைக்க வேண்டும். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் ரிலே தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் இந்த வழியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

## மூன்றாவது வழி: மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி

பெர்லினைச் சேர்ந்த மோட்டோகேட்ஜெட்டின் எம்-யூனிட் இதில் பெயர்பெற்றது. ஃபியூஸ், ரிலே, பிளாஷர் எல்லாவற்றின் வேலையையும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றே செய்கிறது. விட்டதும் மேலே வரும் சாதாரணப் பட்டனே போதும்; ஒரு தட்டில் டிம், மறு தட்டில் பிரைட், இண்டிகேட்டர் தானாக அணைவது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. எம்-பட்டன் என்ற துணைப்பொருளைச் சேர்த்தால் பல பட்டன்களின் தகவல் ஒரே வயரில் கீழே வந்துவிடும். எங்காவது ஷார்ட் ஆனால் அந்த ஒரு பாதையை மட்டும் அணைத்துக்கொள்ளும். வேலை சுத்தம் என்றால் இதுதான் சுத்தம்.

ஆனால் இது 12 வோல்ட் டிசி வண்டிக்கானது. யெஸ்டி டைனமோவுக்கு ஆகாது. ஆர்எக்ஸுக்குப் போட வேண்டுமானால் முதலில் முழு டிசியாக மாற்ற வேண்டும். ஸ்டேட்டரை (மேக்னெட்டோவில் காயில்கள் உள்ள அசையாத பகுதி) கழற்றி, லைட்டிங் காயிலில் எர்த்தாகப் பற்றவைத்திருக்கும் முனையை விடுவித்து, தனி வயராக வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டு ஏசி வயர் ஏற்கும் முழு அலை ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கி வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்கிப் பொருத்த வேண்டும். 2.5 ஆம்பியர்-மணிப் பேட்டரியை 5-ஆக உயர்த்த வேண்டும். மேக்னெட்டோவின் திறன் கூடிவிடாது என்பதால், ஐட்லிங்கில் பேட்டரி இறங்காமலிருக்க ஹெட்லைட்டையும் எல்ஈடிக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டேட்டரில் இது நுணுக்கமான வேலை; அனுபவமில்லாத கை பட்டால் காயிலையே மறுபடி சுற்ற வேண்டும். ஆக, பெட்டியின் விலை ஒன்று, அதைப் போடத் தயாராகும் விலை இன்னொன்று. இறக்குமதி வரியும் சேர்ந்து பெட்டி மட்டுமே புதிய வயரிங் செட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும்.

வழியில் செத்தால் கிராமத்து மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு ஒரு காப்பு உண்டு. ஆர்எக்ஸின் கில் வயரைப் பெட்டிக்குள் கொண்டுபோகாமல் பட்டனுக்கு நேராக இணையுங்கள். பெட்டி செத்தாலும் வண்டி ஓடும். புல்லட்டில் காயிலுக்குத் தனி ஃபியூஸ் வைத்து, பெட்டியைத் தவிர்த்து நேராகக் கொடுக்க ஒரு இணைப்பைத் தயாராக வைத்திருங்கள்.

## நான்காவது வழி: ஹேண்டில்பாரை விட்டே இறக்குவது

புல்லட்டின் ஹெட்லைட் மேல்மூடியில் சாவியும் அம்மீட்டரும் (பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் முள்) உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சாவி, லைட் ஆன்-ஆஃப் இரண்டையும் டூமிலோ டேங்க் அடியிலோ டாகிள் சுவிட்சாக வைப்பது எளிது, மலிவு, பழுதுபார்ப்பதும் எளிது. ரப்பர் தொப்பி போட்ட உலோக டாகிள் வாங்கவும். சுவிட்சின் முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஹாரனையும் டிம்மையும் அப்படி இறக்குவதுதான் ஆபத்து. கண்காட்சிக்கு மட்டும் நிற்கும் வண்டி என்றால் சரி. திங்கள்கிழமை காலையில் தக்கலை சந்திப்பைக் கடக்கும் வண்டிக்கு வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | பழைய சுவிட்ச் | பட்டன் + ரிலே | மின்னணுப் பெட்டி | பாரை விட்டு இறக்குவது |
|---|---|---|---|---|
| தோற்றம் | வயர் ஒழுங்கானால் நன்று | மிக நன்று | மிக நன்று | முழுச் சுத்தம் |
| கை எட்டுவது | மிக நன்று | இடம் சரியாக இருந்தால் நன்று | நன்று | ஹாரன், டிம்முக்கு மோசம் |
| ஆர்எக்ஸின் ஏசி லைட் | பொருந்தும் | பொருந்தும் | டிசி மாற்றம் கட்டாயம் | பொருந்தும் |
| 6 வோல்ட் | பொருந்தும் | சிரமம் | பொருந்தாது | பொருந்தும் |
| உப்பு, மழை | திறந்து சுத்தம் செய்யலாம் | அடைப்பைப் பொறுத்தது | பெட்டி தாங்கும், பட்டன் சந்தேகம் | மறைவில் இருந்தால் நன்று |
| வழியில் சரிசெய்வது | எளிது | நடுத்தரம் | கடினம் | மிக எளிது |
| செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| பழையபடி திருப்புவது | முடியும் | பார் மாற்ற வேண்டும் | பாரும் செட்டும் மாற்ற வேண்டும் | முடியும் |

## லிவர்களையும் எடுக்கலாமா?

பாருக்குள்ளேயே கேபிள் ஓடும் த்ராட்டில், நுனியிலிருந்து திரும்பி வரும் லிவர் எல்லாம் பார்க்க அழகு. உள் த்ராட்டிலில் பாருக்குள் வயர் போக இடமிருக்காது. இரண்டும் ஒரே வண்டியில் வேண்டாம். மேலே சொன்ன ஆயில் பம்ப் சிக்கலும் இங்கே இரட்டிப்பாகும். முன் பிரேக் லிவரை எடுத்துவிட்டுப் பின் பிரேக்கை மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: நின்றாக வேண்டிய வேளையில் வண்டியை அதிகம் நிறுத்துவது முன் சக்கரம்தான்.

புல்லட்காரர்கள் டிகம்ப்ரஸர் லிவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளிவிடுவது) கழற்றும் முன் இரண்டு முறை யோசிக்கவும். அது இல்லாவிட்டால் பிஸ்டனின் உச்சநிலை தாண்டிக் கிக்கரை மெல்ல இறக்க வழியில்லை. திருப்பியடித்தால் கணுக்காலுக்குத்தான் கேடு. டூமைச் சுத்தமாக்குகிறேன் என்று அம்மீட்டரை எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள். சாவியைத் திருகி, கிக்கரை மெல்ல மிதிக்கும்போது முள் நடுவுக்கு வந்தால் பாயின்ட் திறந்துவிட்டது என்று பொருள். டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு உதைக்க வேண்டிய இடம் அது. முள் போனால் இனி காலின் உணர்வை மட்டும் நம்ப வேண்டும்.

## யாருக்கு எது

கரையோரத்தில் தினமும் ஓடும் ஆர்எக்ஸ் என்றால்: இடது பக்கம் சின்ன உலோக ஹாரன்-டிம் சுவிட்ச், பழைய இண்டிகேட்டருக்கு நகர்வு சுவிட்ச், லைட் ஆன்-ஆஃப் டூமுக்கு, ஹாரனுக்கு மட்டும் ஒரு ரிலே. முதல் வழியும் நான்காவதும் கலந்தது இது. படங்களில் வருவதுபோல வெறும் குழாயாக இருக்காது. ஆனால் எந்த மழையிலும் அரை மணி நேரத்தில் திறந்து துடைத்து மூடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று வெளியே வரும், கூரைக்குள் நிற்கும் 12 வோல்ட் புல்லட்டுக்கு இரண்டாவது வழி நன்றாகப் பொருந்தும். ஸ்டேட்டர், வயரிங் இரண்டும் எப்படியும் புதிதாகச் செய்ய வேண்டிய நிலையில் வண்டி இருந்தால், பணமும் பொறுமையும் இருந்தால், மூன்றாவது வழியை எண்ணலாம். ஓடும் வயரிங்கை வெட்டி அதைப் போடாதீர்கள். யெஸ்டி, ஜாவா 6 வோல்ட்டில் இருக்கும்வரை முதல் வழியும், சாவிக்கும் லைட் ஆன்-ஆஃபுக்கும் நான்காவதும் மட்டும்தான்.

## வேலை முடிந்ததும்

துளை போடும் முன்பே ஒரு ஒத்திகை செய்யுங்கள். பட்டன் அளவு ரப்பர் துண்டுகளை டேப்பால் பாரில் ஒட்டி, வண்டியில் உட்கார்ந்து, கிளட்சைப் பாதி பிடித்தபடி கண்ணை மூடி ஹாரனைத் தேடுங்கள். கிரிப்பின் உள்விளிம்பிலிருந்து 20–25 மி.மீ. தூரமும், பட்டன்களின் மையங்களுக்கு இடையே 20 மி.மீ. இடைவெளியும் பெரும்பாலான கைகளுக்குச் சரியாக வரும். ஹாரனுக்குக் கீழே கில் பட்டனை வைக்காதீர்கள். நெரிசலில் இரண்டையும் சேர்த்து அழுத்திவிடுவீர்கள்.

வயரிங் முடிந்ததும் பாரை இரு கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். திருப்பும்போது இன்ஜின் வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் நீளம் போதவில்லை. பிறகு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்துப் பட்டன்கள்மேல் ஊற்றி, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மிஸ் அடித்தால் கில் பட்டனைத் திறக்கவும். ஹாரன் தானாக முனகினால் ஹாரன் பட்டனின் பின்பக்க அடைப்பைப் பார்க்கவும். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, வடிகால் ஓட்டையிலிருந்து சொட்டு நிற்கும்வரை வண்டியை வெயிலில் நிறுத்துங்கள்.